பெண் வீட்டு மலை

கே: முருகனைப் பார்க்கத் திருத்தணிக்குப் போகிறோம், பழனிக்குப் போகிறோம். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக வள்ளிமலைக்கும் ஒருமுறை போகவேண்டுமா?
— கல்லூரி மாணவர், காட்பாடி

ப: பக்கத்தில் இருப்பதற்காகப் போகவேண்டாம். திருத்தணி வள்ளிக்குப் புகுந்த வீடு, வள்ளிமலை பிறந்த வீடு. மற்ற மலைகளில் முருகன் ஆண்டவர், சேனாபதி, குரு. இங்கே மட்டும் மாப்பிள்ளை. மாமனார் ஊரில் மாப்பிள்ளையைக் கேட்டால் இல்லை என்று சொல்வாரா? வேண்டுதல் இருக்கிறவர்கள் யோசித்துப் பாருங்கள்.

கே: வள்ளி கதையைப் பாட்டி ஒருமாதிரி சொல்கிறார், புத்தகத்தில் வேறுமாதிரி இருக்கிறது. எதை நம்புவது?
— வாசகி, குடியாத்தம்

ப: புத்தகம் என்று நீங்கள் சொல்வது கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் கடைசிப் பகுதிதான் வள்ளி திருமணம். தொண்டை நாட்டில், மேற்பாடிக்குப் பக்கத்து மலை என்று இடத்தையும் சொல்லிவிடுகிறது. அந்த மேற்பாடிதான் இன்று நாம் பஸ்ஸில் கடந்துபோகும் மேல்பாடி.

வேடர் தலைவன் நம்பிராசனுக்கு ஆண்பிள்ளைகள் உண்டு. ஒரு பெண் வேண்டும் என்று ஏங்கினான். ஆண்பிள்ளை வேண்டித் தவம் கிடந்த அரசர்களைப் புராணம் நிறையக் காட்டியிருக்கிறது. பெண்ணுக்காக ஏங்கிய தகப்பன் இந்த மலைக்காட்டில் இருந்தான். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். சிவமுனிவர் பார்வை பட்ட மான் ஒன்று, வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் மனிதக் குழந்தையை ஈன்றுவிட்டு மிரண்டு ஓடியது. நம்பியும் மனைவியும் எடுத்து வளர்த்தார்கள். வயது வந்ததும் தினைப்புனத்தில் பரண் கட்டிக் காவலுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் முருகன் வேடனாக வந்தான். வேடர் கூட்டம் வந்ததும் வேங்கை மரமாக நின்றான், பிறகு கிழவனாக வந்து பசி என்றான், தாகம் என்றான். வள்ளி தேனும் தினைமாவும் கொடுத்தாள், சுனையைக் காட்டினாள். கடைசியில் அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து மிரட்டித் தம்பியின் காரியத்தை முடித்துவைத்தார்.

பாட்டி சொல்வதில் முருகன் வளையல்காரனாக வந்திருப்பான். அது நாட்டுப்பாட்டும் நாடகமும் சேர்த்த வேடம். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகம் ஆடாத திருவிழா ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் அரிது. விடிய விடிய நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்வார்கள், ஊரே தூங்காமல் கேட்கும். புராணத்தில் பேரழகியாக நிற்கும் வள்ளி, மேடையில் கேள்விக்குக் கேள்வி கேட்டு மடக்குகிற பெண்ணாக மாறினாள். நம் பாட்டிமார் அந்த வள்ளியைத்தான் தங்களில் ஒருத்தியாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே இரண்டையும் நம்புங்கள். இரண்டுக்கும் மூத்தது இன்னொன்று உண்டு: சங்க நூல்களான நற்றிணையிலும் பரிபாடலிலும் வள்ளி வந்துவிட்டாள். கந்தபுராணம் எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவள் தமிழர் வீட்டுப் பெண்.

கே: கதிர்காமத்தில்தான் வள்ளி பிறந்தாள் என்று இலங்கை நண்பர் அடித்துச் சொல்கிறார். விட்டுக்கொடுக்கலாமா?
— வாசகர், சத்துவாச்சாரி

ப: அவரும் விட்டுக்கொடுக்க மாட்டார், நீங்களும் கொடுக்காதீர்கள். இலங்கையின் வேடர் குடியினர் வள்ளியைத் தங்கள் பெண்ணாகவே கொண்டாடுகிறார்கள். கதிர்காமத்து ஆடித் திருவிழாவில் இரவுதோறும் சுவாமி ஊர்வலம் முருகன் சந்நிதியிலிருந்து புறப்பட்டு வள்ளியம்மன் கோயில் வரை போய்த் திரும்பும். சுவாமியே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறார் என்றால் அந்த வீட்டின் மரியாதை என்ன என்று பாருங்கள். பெண்ணுக்கு இரண்டு ஊர் சொந்தம் கொண்டாடினால் பெண்ணுக்குப் பெருமைதானே.

கே: வள்ளிமலை முருகன் கோயிலில் பெருமாள் கோயில்போலத் தலையில் சடாரி வைக்கிறார்களே?
— வாசகி, ஆற்காடு

ப: வள்ளி முற்பிறவியில் திருமாலின் மகள். மாமனார் வீட்டு வழக்கத்தை மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டிருக்கிறார். சைவமா வைணவமா என்று சண்டை போட வருகிறவர்கள் இந்த மலைப்படி ஏறினால் மூச்சு வாங்குவதிலேயே வாதம் முடிந்துவிடும்.

கே: நான் தோல் ஷாப்பில் வேலை செய்கிறேன். 'பச்சைத்தோல் தொட்ட கையோடு மலைக்கு வருகிறாயே' என்று உறவினர் ஒருவர் நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டார். மனசு ஆறவில்லை. போகலாமா, கூடாதா?
— தொழிலாளி, பேரணாம்பட்டு

ப: தலை நிமிர்ந்து போங்கள். அந்த உறவினருக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள்.

வள்ளியை வளர்த்தவர்கள் வேடர்கள். வேட்டையாடிய மானின் தோலை உரித்து, காயவைத்து, விரித்துப் படுத்த குடும்பம். அந்தக் குடிசைக்குத்தான் முருகன் மாறுவேடம் போட்டுக்கொண்டு தேடிவந்தான்.

இங்கிருந்து வடக்கே போனால் காளத்தி. அங்கே கண்ணப்பர் தன் கண்ணைப் பெயர்த்து அப்புவதற்கு அடையாளமாகச் சிவலிங்கத்தின் கண்மேல் கால் வைத்தார். அந்தக் காலில் இருந்தது செருப்பு. செருப்புக்கால் பட்ட இடத்தில் தீட்டு வரவில்லை, சிவபெருமானே 'நில்லு கண்ணப்ப' என்று கையைப் பிடித்தார். பெரியபுராணம் அவரை அறுபத்துமூவரில் வைத்துப் பாடுகிறது.

மூன்றாவது, கோயில் மேளம். நாதசுரத்துக்குத் துணையாக வாசிக்கிற தவிலுக்கு இரண்டு பக்கமும் தோல்தான். தோல் இல்லாமல் சுவாமி புறப்பாடு இல்லை.

ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் ராணிப்பேட்டையும் உங்கள் கைகளால் சாப்பிடுகின்றன. வேலை முடிந்ததும் எல்லோரையும்போலக் குளியுங்கள், எல்லோரையும்போலப் படியேறுங்கள். அடுத்தமுறை அந்த உறவினர் அப்படிப் பேசினால் மௌனமாக இருக்காதீர்கள்.

கே: மாசித் தேர் நான்கு நாள் ஓடுமாமே! வேறெங்கும் கேள்விப்பட்டதில்லையே?
— வாசகர், ராணிப்பேட்டை

ப: மற்ற ஊர்த் தேர் நாலு மாடவீதியைச் சுற்றும். வள்ளிமலைத் தேர் மலையையே சுற்றும். அதனால் காலையில் வடம் பிடித்து மாலையில் நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஒருநாள் இழுத்து, ஓரிடத்தில் நிறுத்தி, மறுநாள் மறுபடி வடம் பிடிப்பார்கள். தேர் நிற்கிற இடமெல்லாம் அன்றிரவு திருவிழா. சுற்றுக் கிராமத்துக்காரர்களுக்கு மாசிப் பிரம்மோற்சவம் என்பது 'கோயிலுக்குப் போகிற நாள்' இல்லை, சுவாமி தங்கள் வாசலுக்கு வருகிற நாள். வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள் அந்த வாரம் பிள்ளைகுட்டியோடு வந்து இறங்குவார்கள். வயலும் வரப்பும் பாறையும் சூழ்ந்த பாதையில் அவ்வளவு பெரிய தேர் அசைந்து வருவதைப் பார்ப்பதற்கே போகவேண்டும். ஊர்வீதியில் தேர் கட்டடங்களுக்கு நடுவே தெரியும், இங்கே மலையே அதற்குப் பின்திரை.

திருவிழாவின் உச்சம் வள்ளி திருக்கல்யாணம். அதையொட்டி வேடர்பறி நடக்கும். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போன மாப்பிள்ளையை வேடர்கள் வழிமறிக்கிற காட்சி அது. புராணத்தில் நம்பிராசனும் அவன் ஆட்களும் அம்பு தொடுக்கிறார்கள், விழுகிறார்கள், பிறகு முருகன் சொல்ல வள்ளியே அவர்களை எழுப்புகிறாள். அடித்துக்கொண்ட இரு வீட்டாரும் ஒரே பந்தியில் உட்காருகிற கதை என்பதால்தான் கூட்டம் அவ்வளவு ஆரவாரிக்கிறது என்று நினைக்கிறேன். நம் குடும்பங்களில் எத்தனை கல்யாணம் இந்த வரிசையில் நடந்திருக்கிறது!

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வரும், தைப்பூசமும் உண்டு. வருடத்தில் ஒருமுறைதான் முடியும் என்றால் மாசிக்கு வாருங்கள்.

கே: மலையில் சமணர் சிற்பங்கள் இருக்கின்றனவாமே. அப்படியானால் இது முதலில் யாருடைய மலை?
— ஆசிரியர், வேலூர்

ப: மலையின் ஒரு பக்கம் பாறைக் குகைகளும் தீர்த்தங்கரர் உருவங்களும் இருக்கின்றன. படியேறி முருகனைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிவிடுகிற பலர் இவற்றைப் பார்ப்பதே இல்லை. கண்டிப்பாகப் பாருங்கள்.

அங்குள்ள கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் படித்து 'எபிகிராபியா இண்டிகா' நான்காம் தொகுதியில் வெளியிட்டார். ஒன்றில் மேலைக் கங்க மன்னன் ராஜமல்லன் தன் வம்சத்தைச் சொல்கிறான்: சிவமாரன், அவன் மகன் ஸ்ரீபுருஷன், அவன் மகன் ரணவிக்கிரமன், அவன் மகன் தான். இந்த அருமையான மலையைக் கண்டு, கைக்கொண்டு, சமணப் பள்ளி ஒன்றை அமைத்தான் என்பது செய்தி. காலம் 9ஆம் நூற்றாண்டு. மற்றவை துறவிகளைப் பற்றியவை, கன்னட மொழியிலும் உண்டு. பாண மன்னனுக்குக் குருவாக இருந்த பவணந்தியின் மாணவர் தேவசேனரின் உருவம் இது என்கிறது ஒன்று. அஜ்ஜநந்தி என்பவர் உருவம் செய்வித்தார் என்கிறது இன்னொன்று. மதுரையைச் சுற்றிய குன்றுகளில் அச்சணந்தி என்ற பெயரைப் பார்த்திருப்பீர்களே, இருவரும் ஒருவரே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியானால் ஒரு துறவி மதுரைப் பாறைகளுக்கும் நம் வடாற்காட்டுப் பாறைக்கும் நடந்தே வந்திருக்கிறார்.

கங்கர், பாணர், பிறகு சோழர் என்று ஆட்சிகள் மாறிய எல்லைப்பகுதி இது. 'முதலில் யாருடையது' என்று கேட்டால், வள்ளியைக் கேட்க வேண்டும். அவள் வேடர்களுடையது என்பாள். ராஜமல்லனுக்கு முன்பே சங்கப் புலவர்கள் வள்ளியைப் பாடிவிட்டார்கள் என்பது உண்மை. ராஜமல்லன் இங்கே பள்ளி அமைத்ததும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்கத் தேவையில்லை. அந்தச் சிற்பங்கள் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கின்றன. அறிவிப்புப் பலகை மட்டும் பாதுகாத்துவிடாது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறபோது முதலில் கையில் சாக்பீஸும் ஆணியும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரத்து நூறு வருடமாக அமைதியாக உட்கார்ந்திருக்கிறவரின் மடியில் தன் பெயரையும் காதலியின் பெயரையும் கீறுகிறவன் இரண்டு பேரையும் அவமானப்படுத்துகிறான்.

கே: 'ஸ்ரீவள்ளி' படம் பார்த்திருக்கிறீர்களா?
— வாசகர், வாலாஜாபேட்டை

ப: இரண்டு உண்டு. 1945இல் ஏவி. மெய்யப்பன் எடுத்ததில் டி.ஆர். மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மிணி வள்ளி. ருக்மிணியின் பாட்டுக்குப் பிறகு பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். 1961இல் சிவாஜியும் பத்மினியும். நான் மகாலிங்கம் கட்சி. அந்தக் குரலுக்கு எந்த வள்ளியும் பரணைவிட்டு இறங்கிவருவாள்.

கே: திருத்தணி படித்திருவிழாவைத் தொடங்கியவர் வள்ளிமலைக்காரர் என்கிறார்களே?
— வாசகி, அரக்கோணம்

ப: ஆமாம், வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். 1870இல் பிறந்தவர், இயற்பெயர் அர்த்தநாரி. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தார். வயிற்றுநோய் வாட்டியபோது பழனிக்குப் போனார், நோய் தீர்ந்தது. அங்கே காதில் விழுந்த திருப்புகழ்ப் பாடல் அவரைப் பிடித்துக்கொண்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிய நிலையில், திருப்புகழுக்காகவே முதிர்ந்த வயதில் தமிழ் கற்றார். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியையும் சேஷாத்திரி சுவாமிகளையும் தரிசித்தார். திருப்புகழே உனக்கு மந்திரம், வள்ளிமலைக்குப் போ என்று சேஷாத்திரி சுவாமிகள் அனுப்பினார். வந்தவர் 1950இல் மறையும்வரை இந்த மலையையே வீடாக்கிக்கொண்டார். மலைமேல் அவர் ஆசிரமம் இருக்கிறது. வள்ளியை அவர் பொங்கி என்ற பெயரில் தாயாக வழிபட்டார்.

அன்றைக்கு ஜனவரி முதல் தேதி என்றால் நம்மவர்கள் மாலையும் பழத்தட்டுமாக வெள்ளைக்கார துரைகள் பங்களாவுக்கு ஓடுவார்கள். சுவாமிகளுக்கு அது பொறுக்கவில்லை. துரைகளுக்கெல்லாம் துரை மலைமேல் இருக்கிறான், அவனைப் போய்ப் பாருங்கள் என்றார். 1917 முதல் டிசம்பர் 31 இரவில் திருத்தணிப் படிகளில், படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு அடியார்களை ஏறவைத்தார். திருத்தணியின் 365 படிகளை வருடத்தின் நாள்களாகவே எண்ணுவார்கள். வருடம் பிறக்கும் இரவுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? துரைகள் போய்விட்டார்கள், படித்திருவிழா நிற்கவில்லை.

அவருக்குப் பாட்டு கிடைத்த கதையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் பாடியவை ஏட்டில் சிதறிக் கிடந்தன. மாவட்ட முன்சீப்பாக இருந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை, சிதம்பரம் வழக்கு ஒன்றில் தீட்சிதர்கள் சான்றாகக் காட்டிய திருப்புகழைக் கேட்டு மயங்கி, ஊர் ஊராக ஏடு தேடி, 1894இல் முதல் தொகுதியை அச்சிட்டார். பின்னால் அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை உரை கண்டார். நீதிமன்றத்து முன்சீப் தேடினார், அரண்மனைச் சமையற்காரர் பாடினார். இருவரும் இல்லையென்றால் நம் வீட்டு விளக்குப் பூசையில் திருப்புகழ் ஏது?

கே: அம்மாவுக்கு முட்டிவலி. நானூற்றுச் சொச்சம் படி என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், பாகாயம்

ப: அடிவாரத்திலும் முருகனுக்குக் கோயில் உண்டு, பக்கத்தில் சரவணப் பொய்கை. அம்மாவை அங்கே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மேலே போய்வாருங்கள். மலை உச்சிக்கே போகவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் சோளிங்கருக்கு அழைத்துப் போங்கள். அங்கே யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படி. அதனால்தான் பல தலைமுறைத் தாய்மார் கீழே நின்றே கும்பிட்டுத் திரும்பினார்கள். 2024 மார்ச்சில் ரோப்கார் வந்தது. படியேறினால்தான் புண்ணியம் என்று யாராவது சொன்னால், அவருக்கு வயது அறுபதுக்குக் கீழே இருக்கும்.

கே: ஷூ கம்பெனியில் வேலை. ஞாயிறு மட்டும்தான் லீவு. கிருத்திகை செவ்வாயில் வருகிறது, வெள்ளியில் வருகிறது. எனக்கென்று ஒரு திருவிழா இல்லையா?
— வாசகி, ஆம்பூர்

ப: இருக்கிறது அம்மா. சோளிங்கர் நரசிம்மர் வருடமெல்லாம் யோகத்தில் கண்மூடி இருந்து கார்த்திகை மாதத்தில் கண் திறக்கிறார் என்பது நம்பிக்கை. அந்த மாதத்து ஞாயிறுகளில்தான் கூட்டம் அலைமோதும். எதிர் மலையில் யோக ஆஞ்சநேயர், அதற்கு 406 படி. வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றானபோது சோளிங்கர் ராணிப்பேட்டைக்கும் உங்கள் ஆம்பூர் திருப்பத்தூருக்கும் போய்விட்டன. சாமிக்கு மாவட்ட எல்லை கிடையாது. முதல் ரயிலுக்கே கிளம்புங்கள், திங்கள் காலை பஞ்ச் வைக்கவேண்டுமே.

கே: வள்ளிமலைக்கு வருகிறவர்கள் கூடவே பார்க்க என்ன இருக்கிறது?
— வாசகர், சென்னை

ப: பொன்னையாற்றங்கரை மேல்பாடி. ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படையாக எடுப்பித்த கோயில் அங்கே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்க ஆயிரம் பேர், அதே பேரன் பாட்டனுக்குக் கட்டியதைப் பார்க்கப் பத்துப் பேர். வழியில் திருவலம், சம்பந்தர் பாடிய தலம். காலையில் திருவலம், வெயிலுக்கு முன் வள்ளிமலை, இறங்கியதும் மேல்பாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசாதம் தேனும் தினைமாவும். தினையை வறுத்து இடித்துத் தேன் விட்டுப் பிசைவது, அவ்வளவுதான். வீட்டிலும் செய்து பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

கே: வேறு சாதிப் பையனைக் காதலிக்கிறேன். அப்பா தீவிர முருக பக்தர், கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம் இருக்கிறார். ஆனால் இந்தக் கல்யாணம் என் பிணத்தின் மேல்தான் என்கிறார். என்ன செய்யட்டும்?
— வாசகி, வாணியம்பாடி

ப: அப்பாவை மாசியில் வள்ளிமலைக்குக் கூட்டிவாருங்கள். தேரோடு திரும்பிவிடாதீர்கள், வேடர்பறியைப் பார்க்கட்டும், திருக்கல்யாணம் முடியும்வரை முன்வரிசையில் இருக்கட்டும். நம்பிராசனும் முதலில் வில்லோடுதான் வந்தான். தாலி ஏறும்போது, 'அப்பா, குறத்தியைக் கட்டிக்கொள்ளச் சுப்பிரமணியர் யாரிடம் சாதிச் சான்றிதழ் கேட்டார்?' என்று மெல்லக் கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை எனக்கு எழுதுங்கள். நல்ல பதிலாக இருந்தால் அடுத்த இதழில் அதைத்தான் முதலில் போடுவேன்.